வேட்டி கட்டியவருக்கு வாசல் உண்டா?



தோட்ட வேலையை முடித்து, கை கால் கழுவி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடலாம். இன்றைய பேச்சு உடையைப் பற்றியது. காசு கொடுத்துச் சாப்பிடப் போகிற இடத்தில், தங்கப் போகிற இடத்தில், "இந்த உடையோடு உள்ளே வராதே" என்று சொன்னால் என்ன செய்வது? அதைப் பற்றியது.

கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் டீ குடிக்கப் போகிறவரிடம் யாரும் உடையைப் பற்றிக் கேட்பதில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போகலாம். லுங்கியோடு போகலாம். தென்னந்தோப்பிலிருந்து நேராக, தலையில் துண்டோடு போகலாம். கடைக்காரரும் லுங்கிதான் கட்டியிருப்பார்.

அதே ஆள் பஸ் ஏறி, வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற காரியம். மாப்பிள்ளை வீட்டார் ஒரு பெரிய ஓட்டலில் சந்திக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு. கதவருகே ஒரு காவலாளி. சுவரில் ஒரு பலகை. எழுதப் படிக்கத் தெரியாத நாளில் அந்தப் பலகை வெறும் கோடுகள்தான். இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். "அனுமதிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உரியது" என்று இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்? பிடிக்காத யாரையும் வெளியே நிறுத்தலாம் என்றா?

இதே கேள்வி ஒரு பெரிய மனிதருக்கு வந்தது. சாதாரணப் பெரிய மனிதர் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. பெயர் அரிபரந்தாமன். அப்போது பதவியில் இருந்தவர்.

2014 ஜூலை 11-ஆம் தேதி. சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் மன்றம் இருக்கிறது. அங்கே ஒரு புத்தக வெளியீட்டு விழா. புத்தகத்தை எழுதியவரும் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். விழாவுக்கு அழைப்பின் பேரில் வந்தார் அரிபரந்தாமன். வெள்ளை வேட்டி, சட்டை. வாசலில் நிறுத்திவிட்டார்கள். "வேட்டி கட்டினால் உள்ளே விடக் கூடாது. மன்றத்தின் விதி அது" என்றார்கள். வேட்டி கட்டி வந்த வழக்கறிஞர்களுக்கும் அதே பதில்தான். நீதிபதி திரும்பிப் போய்விட்டார்.

ஊரில் ஒரு தகராறு என்றால் தீர்ப்புச் சொல்லுகிற இடத்தில் இருப்பவர் அவர். அவருக்கே வாசல் திறக்கவில்லை. அதுவும் தமிழ்நாட்டின் தலைநகரத்தில், தமிழன் உடுத்துகிற வேட்டிக்கு.

இந்த விதி எங்கிருந்து வந்தது? வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வந்தது. சென்னையில் 1832-இல் ஆரம்பித்த ஒரு மன்றம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்தது. இந்தியர்கள் உள்ளே போகலாம், தட்டு ஏந்துகிற வேலைக்காரர்களாக. அவர்கள் கப்பல் ஏறிப் போனார்கள். காற்சட்டை, காலர் வைத்த சட்டை, பூட்சு என்ற விதியை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். நம்மவர்கள் அதைப் பத்திரமாகக் காப்பாற்றினார்கள். சில பெரிய ஓட்டல்களில் இன்னொரு வேடிக்கையும் பார்க்கலாம். வாசலில் நிற்கிற ஊழியருக்கு ராஜா காலத்துத் தலைப்பாகையும் அங்கியும் மாட்டி அழகு பார்ப்பார்கள். வேட்டி கட்டி வருகிறவரைத் தடுக்கவும் அவரையே நிறுத்துவார்கள்.

இதற்கு நேர் எதிரான வழக்கமும் நாட்டில் உண்டு. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோயிலுக்குப் போனால், ஆண்கள் பேண்ட் போட்டு உள்ளே போக முடியாது. வேட்டி கட்ட வேண்டும். இல்லாதவருக்கு வாசலிலேயே வேட்டி வாடகைக்குக் கிடைக்கும். ஒரு வாசலில் வேட்டி இல்லாவிட்டால் விடமாட்டார்கள். இன்னொரு வாசலில் வேட்டி இருந்தால் விடமாட்டார்கள். கோயில் வழக்கம் வேறு கணக்கு, அதை இங்கே பேச வேண்டாம். ஓட்டல் என்பது வியாபாரம். காசு கொடுத்தால் சோறு, காசு கொடுத்தால் அறை.

நீதிபதி திரும்பிப் போன செய்தி பரவியது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் கண்டித்துப் பேசினார்கள். அப்போது முதலமைச்சராக இருந்தவர் ஜெயலலிதா. இதற்கென்று தனிச் சட்டம் வரும் என்று அறிவித்தார். அடுத்த மாதமே, 2014 ஆகஸ்டில், சட்டம் நிறைவேறியது. மக்கள் அதை வேட்டிச் சட்டம் என்று கூப்பிடுகிறார்கள்.

அந்தச் சட்டம் சொல்லுவது இதுதான். வேட்டியோ இந்தியாவின் வேறு பாரம்பரிய உடையோ உடுத்தி வருகிறவரை, அந்த உடைக்காக மட்டும் பொது இடத்தில் நுழையவிடாமல் தடுக்கக் கூடாது. மன்றமாக இருக்கலாம், சங்கமாக இருக்கலாம், அறக்கட்டளையாக இருக்கலாம், கம்பெனியாக இருக்கலாம். தடுத்தால் அதன் உரிமம் ரத்தாகும். ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

நல்ல சட்டம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நீதிபதியைத் தடுத்ததற்கு முன்பும் அந்த வாசல்களில் எத்தனையோ பேர் திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர்கள் பேர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. ஒரு நீதிபதியின் வேட்டி தடுக்கப்பட்ட பிறகுதான் சட்டம் ஒரே மாதத்தில் வந்தது.

இன்னொன்று. அது தமிழ்நாட்டுச் சட்டம். கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும் செல்லும். பஸ் திரும்பி வேலந்தாவளத்தையோ கோபாலபுரத்தையோ தாண்டி இந்தப் பக்கம் வந்தவுடன் அது நின்றுவிடும். பாலக்காட்டிலோ மூணாற்றிலோ அந்தச் சட்டத்தைக் காட்டிப் பேச முடியாது. காலையில் ஒரு மாநிலம், மாலையில் ஒரு மாநிலம் என்று வாழ்கிற எல்லையோர மக்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கேரளத்தில் என்ன கவலை, முதலமைச்சர் முதல் மூட்டை தூக்குபவர் வரை முண்டுதானே கட்டுகிறார்கள் என்று கேட்பீர்கள். முண்டு சரி. லுங்கி?

2019-இல் கோழிக்கோட்டில் ஒரு ஓட்டலுக்கு ஒருவர் லுங்கி கட்டிக்கொண்டு போனார். சாப்பிடத்தான் போனார். லுங்கிக்கு அனுமதி இல்லை என்று தடுத்துவிட்டார்கள். அவர் சும்மா திரும்பவில்லை. புகார் கொடுத்தார். விஷயம் தெரிந்து ஊரார் சிலர் கூடினார்கள். எல்லோரும் லுங்கி கட்டிக்கொண்டு அந்த ஓட்டலை நோக்கி ஊர்வலம் போனார்கள். கோஷத்தை விட லுங்கிதான் அன்று அதிகம் பேசியது.

கோழிக்கோடு என்றவுடன் எழுத்தறிவு இயக்கத்தாருக்கு இன்னொரு காட்சி நினைவுக்கு வரும். 1991 ஏப்ரல் 18-ஆம் தேதி, அதே ஊரின் மானாஞ்சிறை மைதானத்தில்தான் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். அறிவித்தவர் மந்திரி இல்லை. வயதான காலத்தில் எழுத்துக் கற்ற மலப்புறத்துப் பெண், சேலக்கோடன் ஆயிஷா. சாதாரண மனுஷியை மேடையில் ஏற்றி மாநிலமே கைதட்டிய ஊர் அது. அந்த ஊரிலேயே லுங்கிக்குக் கதவு சாத்தினார்கள்.

வேட்டிக்கும் லுங்கிக்கும் நடுவில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதைப் பட்டென்று சொல்லிவிட வேண்டும். வேட்டி கல்யாணத்துக்குப் போகும், அரசியல் மேடைக்குப் போகும். அதற்கு மரியாதை இருக்கிறது. அதனால் அதற்காகச் சட்டமன்றமே பேசியது. லுங்கி உழைக்கிறவர் உடை. மரம் ஏறுகிறவர், லாரி ஓட்டுகிறவர், மீன் விற்கிறவர் கட்டுவது. "பாரம்பரிய உடை" என்று சட்டத்தில் படிக்கும்போது யார் மனதிலும் லுங்கி வருவதில்லை. உண்மையில் வாசலில் அதிகம் தடுக்கப்படுவது அதுதான்.

துணி ஒரு சாக்கு. காவலாளியின் கண் துணியைப் பார்ப்பது, ஆளின் நிலைமையை அளப்பதற்கு. 2017-இல் கொல்கத்தாவில் நடந்ததைப் பாருங்கள். பெரிய வணிக வளாகம் ஒன்றுக்கு வேட்டியும் ஜிப்பாவும் போட்டு ஒருவர் போனார். தடுத்தார்கள். அவர் ஆங்கிலத்தில் வாக்குவாதம் செய்தார். உடனே விட்டுவிட்டார்கள். அவர் ஒரு சினிமா இயக்குநர். வேட்டி மாறவில்லை. ஆங்கிலம் பேசுகிறவர் என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

அதே வருஷம் டில்லியில் பணக்காரர்களின் மன்றம் ஒன்றில், விருந்துக்கு அழைக்கப்பட்டு வந்த ஒரு பெண்ணைச் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து போகச் சொன்னார்கள். மேகாலயத்தின் காசி இனத்துப் பெண் அவர். தன் மக்களின் பாரம்பரிய உடையை உடுத்தியிருந்தார். அதைப் பார்த்து, வேலைக்காரி போல் இருக்கிறது என்றார்களாம். 2021-இல் அதே டில்லியில் ஒரு உணவு விடுதியில் சேலை கட்டிய பெண்ணுக்கு இடமில்லை என்றார்கள். சேலைக்கு!

இனி பெங்களூர். 2024 பிப்ரவரியில் அங்கே ராஜாஜி நகர் மெட்ரோ ரயில் நிலையத்தில், தலையில் மூட்டையோடு வந்த விவசாயி ஒருவரைத் தடுத்தார்கள். கையில் டிக்கெட் வைத்திருந்தார். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அப்போது பக்கத்தில் நின்ற பயணிகள் பேசினார்கள். "எந்த விதியில் இப்படி இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேட்டார்கள். காட்ட முடியவில்லை. அவரைத் தங்களோடு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அந்தக் காவல் மேற்பார்வையாளரை வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது சரியா என்று யோசிக்கவும் வேண்டும். அழுக்குச் சட்டையைப் பார்த்தால் நிறுத்து என்று அவருக்கு யாரோ பழக்கியிருக்க வேண்டும். அந்த யாரோவின் வேலை போகவில்லை.

ஐந்து மாதம் கழித்து, ஜூலை 16-ஆம் தேதி, அதே பெங்களூரில் ஒரு வணிக வளாகம். ஹாவேரிப் பக்கத்து விவசாயி ஒருவரை அவருடைய மகன் சினிமாவுக்கு அழைத்துப் போனார். டிக்கெட் முன்பே வாங்கியாகிவிட்டது. அப்பா வேட்டி கட்டியிருந்தார். பேண்ட் போட்டு வந்தால் விடுகிறோம் என்றார்கள். மகன் அதைப் படம் பிடித்து வெளியிட்டார். மறுநாள் விவசாயிகள் அந்த வளாகத்தின் முன்னால் கூடிவிட்டார்கள். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, அந்தப் பெரியவருக்குச் சால்வை போட்டது. கர்நாடக அரசு வளாகத்தை ஏழு நாள் மூடச் சொன்னது. வீட்டுவரி பாக்கி இருந்ததும் அப்போது வெளியே வந்தது.

சரி, சட்டம் என்ன சொல்லுகிறது?

முதலில் எல்லாச் சட்டத்துக்கும் தாய், இந்திய அரசியல் சட்டம். 1950 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் 15-ஆம் பிரிவு. கடை, பொது உணவு விடுதி, ஓட்டல், பொதுக் கேளிக்கை இடம் இவற்றில் மதம், இனம், சாதி, ஆண் பெண் என்ற பேதம், பிறந்த இடம் இவற்றைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது. "அனுமதிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு" என்று எவ்வளவு பெரிய எழுத்தில் பலகை வைத்தாலும், அந்தப் பலகை இந்தப் பிரிவுக்குக் கீழேதான்.

கவனித்தீர்களா, அந்தப் பட்டியலில் உடை இல்லை. ஆகவே ஒரு ஓட்டல் தன் இடத்துக்குச் சில நடைமுறைகள் வைக்கலாம். நீச்சல் குளத்தில் இன்ன உடையோடுதான் இறங்க வேண்டும் என்று சொல்லலாம். சட்டை இல்லாமல் சாப்பாட்டு அறைக்கு வர வேண்டாம் என்று சொல்லலாம். இதெல்லாம் நியாயம். ஆனால் விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். பணம் வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டும். ஆளைப் பார்த்து விதி பேசக் கூடாது.

ஆளைப் பார்த்துப் பேசுகிற விதி எப்படி இருக்கும் என்பது கேரள மண்ணுக்குத் தெரியாததா? தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடி உடுத்துவதற்குப் பல வருஷம் அடிபட்டார்கள். 1859-இல்தான் மன்னர் அனுமதித்து அறிக்கை விட்டார். புலையர் பெண்கள் தங்கம் அணியக் கூடாது, கல்மாலைதான் அணிய வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. அய்யன்காளி சொல்லி, 1915-இல் கொல்லத்தில் அந்தப் பெண்கள் கல்மாலையை அறுத்துப் போட்டார்கள். உடைக் கட்டுப்பாடு என்பது அந்தக் காலத்தில் சாதிக் கட்டுப்பாடு.

அந்தக் காலத்தோடு போய்விட்டதா? 2017-இல் நம் பக்கத்து முதலமடையில், கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியின் அருந்ததியர் மக்கள், டீக்கடையில் தங்களுக்குத் தனிக் குவளை என்று புகார் சொன்னார்கள். கேரளம் முழுக்க அந்தச் செய்தி பேசப்பட்டது. இது தூரத்து ஊர்க் கதை இல்லை, பஸ்ஸில் போய்வருகிற தூரம்.

தனிக் குவளை வைத்தால், கடையில் நுழையவிடாமல் தடுத்தால், 1955-ஆம் வருஷக் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. 2015-இல் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தில் ஒரு வரி இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பொது இடத்தில் செருப்பு அணியக் கூடாது, புதுத் துணி உடுத்தக் கூடாது என்று தடுப்பது குற்றம். கடைக்குள் விடாமல் தடுப்பதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. இருபத்தோராம் நூற்றாண்டில், புதுத் துணி உடுத்துவதற்குச் சட்டத்தில் இடம் போட வேண்டியிருந்தது. இந்தப் புகாரைப் போலீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும்.

சாதிக் காரணம் எதுவும் இல்லை, வெறும் உடைதான் காரணம் என்றால்? அப்போது நுகர்வோர் சட்டம். 1986-இல் ஒன்று இருந்தது. இப்போது 2019-ஆம் வருஷச் சட்டம், 2020 ஜூலையில் நடப்புக்கு வந்தது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. காசு கொடுத்தவர், அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு சேவை பெறுபவர்தான் நுகர்வோர். சும்மா வாசலில் நின்று திரும்பியவர் அந்தச் சட்டத்தில் நுழைவது கஷ்டம். ஆனால் மூணாற்றில் ஒரு விடுதிக்கு முன்பணம் கட்டியிருக்கிறீர்கள். போய் இறங்கியதும், லுங்கி கட்டியவருக்குச் சாப்பாட்டு அறையில் இடமில்லை என்கிறார்கள். பணம் வாங்கும்போது இதைச் சொல்லவில்லை. இப்போது நீங்கள் நுகர்வோர். பெங்களூர்ப் பெரியவரும் அப்படித்தான், சினிமா டிக்கெட் அவர் கையில் இருந்தது. ஆகவே ரசீதைக் கசக்கிப் போடாதீர்கள். மடித்து மடியில் வையுங்கள்.

முதலில் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். கல்மாலை அறுத்த வருஷமும் 1915, அப்படி நினைவு வைத்துக்கொள்ளலாம். அதில் தீராவிட்டால் பாலக்காட்டில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விடுதி மூணாற்றில் இருந்தாலும், குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

வாசலில் நிறுத்தினால் சண்டை போட வேண்டாம். காவலாளி கூலிக்கு நிற்பவர், அவரிடம் கத்திப் பிரயோஜனம் இல்லை. "இந்த விதி எழுத்தில் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நாள், நேரம், சொன்ன வார்த்தை, சொன்னவர் பெயர் இவற்றை அங்கேயே ஒரு தாளில் எழுதுங்கள். கூட வந்தவரைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கேவலப்படுத்தியவர் முன்னால் பையிலிருந்து பேனா எடுத்து எழுதத் தொடங்கினாலே, பல இடங்களில் பேச்சின் தொனி மாறும்.

மனுவைத் தமிழில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். அரசியல் சட்டத்தின் 350-ஆம் பிரிவு, ஒருவர் தன் குறையைச் சொல்லி அதிகாரிக்கு மனுக் கொடுக்கும்போது, நாட்டிலோ மாநிலத்திலோ வழங்குகிற எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது. கீழே ஒரு மாதிரி இருக்கிறது. இன்று எல்லோரும் இதைப் பார்த்து ஒருமுறை நோட்டில் எழுதுங்கள். ஊர், பெயர், தேதி இவற்றை அவரவர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

"தலைவர் அவர்கள், மாவட்ட நுகர்வோர் ஆணையம், பாலக்காடு. ஐயா, இந்தத் தேதியில் இந்த விடுதிக்கு இவ்வளவு ரூபாய் முன்பணம் கட்டினேன். ரசீது நகல் இணைத்துள்ளேன். இந்தத் தேதியில் அங்கே போனபோது, என் உடையைக் காரணம் காட்டிச் சாப்பாட்டு அறைக்குள் விடவில்லை. இப்படி விதி இருப்பதாகப் பணம் வாங்கும்போது சொல்லவில்லை. கேட்டபோது எழுத்திலும் காட்டவில்லை. உடன் வந்த இருவர் சாட்சி. கட்டிய பணத்தைத் திரும்பத் தரவும், எனக்கு ஏற்பட்ட அவமானத்துக்கு ஈடு தரவும் உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்கு."

"இப்படிக்கு" என்பதற்குக் கீழே கைநாட்டு வேண்டாம். கையெழுத்துப் போடுங்கள். ஒரு நகல் எடுத்து, அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி, வீட்டில் ரேஷன் கார்டு இருக்கிற இடத்தில் வையுங்கள்.